அலகு மாற்றம் வீட்டில் சொல்லித்தர: சூத்திரமா, படிக்கட்டா, கட்டமா, அளவு நாடாவா?

3 கி.மீ. 45 மீ. என்பது எத்தனை மீட்டர்? நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். தவறாக வரும் விடை பெரும்பாலும் 345, 3450, 300045 இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். முதலாவதில் இரண்டு எண்களை அப்படியே ஒட்டிவிட்டது. இரண்டாவதில் ஒரு பூச்சியம் வேண்டும் என்று தெரிகிறது, எங்கே என்று தெரியவில்லை. மூன்றாவதில் ‘மூவாயிரத்து நாற்பத்தைந்து’ என்று காதில் விழுந்ததை 3000, 45 எனப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டது. மூன்றும் இடமதிப்புக் கோளாறு.

இன்னொரு வகைத் தவறும் உண்டு. 500 செ.மீ. எத்தனை மீட்டர் என்றால் 50,000 என்று வரும். மீட்டர் பெரியது, ஆகவே விடையும் பெரிய எண் என்று பிள்ளை நினைக்கிறது. இது திசைக் கோளாறு. வீட்டில் எந்த முறையைக் கையாண்டாலும் இந்த இரண்டையும் அது எவ்வளவு தூரம் சரிசெய்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

சூத்திரம்

‘பெரிய அலகிலிருந்து சிறிய அலகுக்குப் பெருக்கு, சிறியதிலிருந்து பெரியதுக்கு வகு.’ பெரும்பாலான வீடுகளில் சொல்லித்தருவது இதுதான். பொருள் எதுவும் வேண்டாம், ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம், மறுநாள் தேர்வு என்றால் கைகொடுக்கும். ஆனால் இரண்டு வாரம் கழித்து எதற்குப் பெருக்கல், எதற்கு வகுத்தல் என்பது பிள்ளைக்கு மறந்துவிடும். ஏன் பெருக்குகிறோம் என்று அந்த வரி சொல்வதே இல்லை.

கூடவே 10, 100, 1000 குழப்பமும் சேரும். 4 கிலோ என்றால் 400 கிராம் என்று எழுதும் பிள்ளை, மீட்டருக்கு நூறு என்று படித்ததைக் கிலோவுக்கும் போட்டுவிடுகிறது. இதற்கு முன்னொட்டுகளின் பொருளைச் சொல்லித்தருவதே மருந்து. கிலோ என்றால் ஆயிரம், மில்லி என்றால் ஆயிரத்தில் ஒன்று, சென்டி என்றால் நூற்றில் ஒன்று. தொடக்கப் பள்ளிக் கணக்கில் வரும் இந்த மூன்றில் சென்டி மட்டுமே நூறு. சூத்திரத்தை மட்டும் தனியாகக் கற்பிக்காதீர்கள்.

படிக்கட்டு

கிலோ, ஹெக்டோ, டெக்கா, மீட்டர், டெசி, சென்டி, மில்லி என ஏழு படி வரைந்து, இறங்கும்போது ஒவ்வொரு படிக்கும் பத்தால் பெருக்கி, ஏறும்போது பத்தால் வகுப்பது. எல்லாமே பத்துப் பத்தாகப் போகிறது என்ற மெட்ரிக் முறையின் அழகை இதைப்போலக் காட்டும் படம் வேறில்லை. கிராமுக்கும் லிட்டருக்கும் இதே படிக்கட்டுதான்.

சறுக்கும் இடங்கள் மூன்று. நிற்கும் படியையும் சேர்த்து எண்ணிவிடுவது முதலாவது. மீட்டரிலிருந்து சென்டிமீட்டருக்கு இரண்டு படிதான், பிள்ளை மூன்று என்று எண்ணி ஆயிரத்தால் பெருக்கும். படிகளை எண்ணாமல், படிக்குப் படி விரலால் குதித்து, குதியை எண்ணச் சொன்னால் இது நின்றுவிடும். அடுத்தது, ஹெக்டோவும் டெக்காவும் அன்றாடத்தில் காதில் விழாத சொற்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு அவை வெறும் மனப்பாடச் சுமை. மூன்றாவது, புள்ளியை நகர்த்தும் வித்தையாக இதைச் சொல்லித்தருவது. தசம எண் படிக்காத பிள்ளைக்கு அது புரியாது. ஆகவே தசமம் கற்றபின், ஐந்தாம் வகுப்பில் படிக்கட்டு நன்றாக வேலை செய்யும். மூன்றாம் வகுப்புக்கு வேண்டாம்.

இடமதிப்புக் கட்டம்

எங்கள் தேர்வு இதுதான். ஒரு தாளில் நான்கு நிரல் போடுங்கள். தலைப்பாக எழுத வேண்டியது:

கி.மீ. | 100 மீ. | 10 மீ. | மீ.

இப்போது 3 கி.மீ. 45 மீ. எழுதச் சொல்லுங்கள். 3, கி.மீ. கட்டத்தில். 45-இன் 5, மீ. கட்டத்தில். 4, அதற்கு இடப்பக்கம். 100 மீ. கட்டம் காலியாக நிற்பது கண்ணுக்குத் தெரிகிறது, அங்கே பூச்சியம். 3 | 0 | 4 | 5 என்பதை அப்படியே படித்தால் 3045 மீ. பெருக்கலும் இல்லை, கூட்டலும் இல்லை. சரியாக நிரப்பினால் 345, 3450, 300045 மூன்றுக்கும் இதில் இடமே கிடையாது.

தவறு வரும் ஒரே வழி, 45-ஐ இடப்பக்கத்திலிருந்து நிரப்புவது. அப்படிச் செய்தால் மறுபடி 3450 வந்துவிடும். ‘கடைசி இலக்கம் கடைசிக் கட்டத்தில், பிறகு இடப்பக்கமாக நகரு’ என்று ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொண்டே எழுதப் பழக்குங்கள். இடக்கோடிக் கட்டத்தில் மட்டும் எத்தனை இலக்கமும் எழுதலாம்: 12 கி.மீ. 8 மீ. என்றால் 12 | 0 | 0 | 8, அதாவது 12,008 மீ.

கிலோவுக்கும் லிட்டருக்கும் இதே நான்கு கட்டம், தலைப்பு மட்டும் மாறும். மீட்டர், சென்டிமீட்டருக்கு மூன்று கட்டம் போதும். திருப்பிப் போகவும் வசதி. 203 செ.மீ. என்பதை 2 | 0 | 3 என்று எழுதினால் 2 மீ. 3 செ.மீ. என்று தெரிகிறது. தசமம் படித்த பிள்ளையானால் மீட்டர் கட்டத்துக்குப் பின் ஒரு புள்ளி வைத்தால் 2.03 மீ. இந்த இடத்தில்தான் ஐந்தாம் வகுப்பில் நிறையப் பேர் 2.3 என்று எழுதி மதிப்பெண் இழக்கிறார்கள். 2.3 மீ. என்றால் 2 மீ. 30 செ.மீ. என்பதைக் கட்டத்தில் எழுதிக் காட்டினால் சண்டை தீர்ந்தது.

கட்டத்தால் முடியாதது ஒன்று உண்டு: மீட்டர் எவ்வளவு நீளம், கிராம் எவ்வளவு கனம் என்று அது சொல்லாது. 5 கிராம் பூசணிக்காய் என்று விடை வந்தாலும் பிள்ளைக்கு உறுத்தாது.

அளந்து பார்ப்பது

அந்த உறுத்தல் கையால் அளந்தால்தான் வரும். திசைக் கோளாறுக்கும் இதைவிட நல்ல மருந்து இல்லை. கதவின் உயரத்தை மீட்டரில் அளந்தால் இரண்டை ஒட்டி, சென்டிமீட்டரில் அளந்தால் இருநூறை ஒட்டி. அலகு சிறியதானால் எண்ணிக்கை கூடும் என்பதை யாரும் சொல்லாமலே பிள்ளை கண்டுகொள்ளும். ‘சின்னக் கரண்டியால் மொண்டால் அதிகத் தடவை மொள்ள வேண்டும்’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

நீளத்துக்குத் தையல் நாடா எடுங்கள். அது பொதுவாக 150 செ.மீ. இருக்கும், பல நாடாக்களில் மறுபக்கம் அங்குலம். எந்தப் பக்கம் என்று முதலில் பார்க்கப் பழக்குங்கள். கதவுக்கு நாடா போதாது. 150-இல் பென்சிலால் கோடு போட்டு, நாடாவின் முனையை அங்கே வைத்து மிச்சத்தை அளந்து கூட்ட வேண்டும். பள்ளி அளவுகோலில் 0 பெரும்பாலும் ஓரத்திலிருந்து சற்றுத் தள்ளியே தொடங்கும். ஓரத்தை வைத்து அளந்தால் அளவு சில மில்லிமீட்டர் பிசகும்.

தண்ணீருக்கு டம்ளரும் ஆழாக்கும் வேண்டாம், வீட்டுக்கு வீடு அவை மாறும். மி.லி. கோடு போட்ட குழந்தைப் பால் புட்டி நல்லது. 100 மி.லி. கோடு வரை நிரப்பிப் பத்துத் தடவை ஒரு லிட்டர் பாட்டிலில் ஊற்றச் சொல்லுங்கள். பாட்டில் விளிம்பு வரை நிறையாது. கணக்குத் தப்பு என்று பதற வேண்டாம், பாட்டிலில் வாய்ப்பக்கம் காலியிடம் விட்டுத்தான் செய்கிறார்கள். நீர் நின்ற இடத்தில் மார்க்கரால் கோடு போட்டு ‘1000 மி.லி. = 1 லி.’ என்று எழுதி வையுங்கள். கோட்டைப் பார்க்கும்போது கண் நீர்மட்டத்துக்கு நேராக இருக்க வேண்டும், மேலிருந்து குனிந்து பார்த்தால் அளவு பிசகும்.

எடைக்கு 250 கிராம் பருப்புப் பொட்டலம் நான்கும் ஒரு கிலோ உப்பும் போதும். இரண்டு கையிலும் ஒரே மாதிரிப் பையில் போட்டுத் தூக்கிப் பார்க்கலாம். மின்னணுத் தராசு இருந்தால், அது கிராமில் நிற்கிறதா, அவுன்ஸில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

குறை? நேரம் பிடிக்கும், தரை நனையும், கிலோமீட்டரை வீட்டுக்குள் அளக்க முடியாது.

கால், அரை, முக்கால்

தமிழ் பேசும் வீட்டுக்கு இது கூடுதல் வரவு. கடையில் ‘கால் கிலோ’ என்று கேட்கும் பிள்ளைக்கு 250 கிராம் ஏற்கெனவே பாதி தெரியும். கால் 250, அரை 500, முக்கால் 750, அரைக்கால் 125. இதிலிருந்து ஒன்றேகால் கிலோ 1250, ஒன்றேமுக்கால் லிட்டர் 1750, இரண்டரை கி.மீ. 2500 என்று வாய்க்கணக்காகவே போகலாம். மீட்டருக்கு வரும்போது கால் என்பது 25 செ.மீ. என்று மாறும். அங்கே ஒருமுறை நிறுத்தி, ஆயிரத்தில் கால், நூறில் கால் என்று பிரித்துக் காட்டுங்கள். 1 கிலோ 370 கிராம் போன்ற எண்களுக்கு இந்த முறை உதவாது, கட்டத்துக்குத்தான் திரும்ப வேண்டும்.

எதை எப்போது

மூன்றாம் வகுப்பில் அளப்பதும் கால்–அரையும் மட்டும். நான்காம் வகுப்பில் கட்டம். ஐந்தாம் வகுப்பில் தசமம் வந்ததும் அதே கட்டத்தில் புள்ளி, பிறகு படிக்கட்டு. சூத்திரத்தைப் பிள்ளையே ஒருநாள் சொல்லும், அதுவரை பொறுங்கள். ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம், ஐந்து கணக்கு. அதில் ஒன்றிலாவது நடுவில் பூச்சியம் வர வேண்டும், ஒன்றாவது திருப்பிப் போடும் கணக்காக இருக்க வேண்டும். கைப்பேசிச் செயலிகளும் அச்சிட்ட பயிற்சித்தாள்களும் இந்தப் பயிற்சிக்கு உதவும், கற்பிக்க உதவாது.

மணி, நிமிடக் கணக்கை மட்டும் இதே வாரத்தில் தொடாதீர்கள். அங்கே அறுபது. கட்டம் பழகிய கையோடு 1 மணி 50 நிமிடத்தைப் பிள்ளை 1.50 என்று எடுத்துக்கொண்டு ஒன்றரை மணி என்று படித்துவிடும்.