கால்மிதி மெஷினா, பவர் மெஷினா?

வீட்டிலிருந்தே ரவிக்கை தைத்துக் கொடுப்பவர்கள், ஓரளவு வாடிக்கை சேர்ந்ததும், பழைய கறுப்புக் கால்மிதி மெஷினோடு தொடர்வதா, பல மடங்கு விலையுள்ள, மோட்டாரில் ஓடும் ஜூகி போன்ற நிறுவனங்களின் பவர் மெஷினுக்கு மாறுவதா என்று யோசிக்கத் தொடங்குகிறார்கள்.

வேகத்தில் இரண்டுக்கும் ஒப்பே இல்லை. ஜூகி டிடிஎல்-8700 நிமிடத்திற்கு 5,500 தையல் வரை போடக்கூடியது. ஆனால் கைக்குழி வளைவையும் கழுத்துப் பட்டியையும் அந்த வேகத்தில் யாரும் தைப்பதில்லை என்பதால், ஆளுக்கோர் அளவில் தைப்பவருக்கு அந்த எண்ணால் பெரிய லாபம் இல்லை. உண்மையான வேறுபாடு தையலின் சீரில்தான் தெரிகிறது: லைனிங் வைத்த பட்டு ரவிக்கையின் தோள் மூட்டில், நான்கைந்து மடிப்புகள் சேருமிடத்தில், கால்மிதி மெஷின் திணறித் தையலை விட்டுவிடக்கூடும், பவர் மெஷினோ அதே நீளத்தில் தைத்துக்கொண்டு போகும். பவர் மெஷினில் துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தை முழங்காலால் தள்ளியே தூக்கலாம் என்பதால் இரு கைகளும் துணியை விட்டு விலக வேண்டியதில்லை.

கால்மிதி மெஷினுக்கு மின்சாரம் தேவையில்லை, பழுதுபார்ப்பவரும் எளிதில் கிடைப்பார். அதன் ஊசித்தண்டு ஒரு பக்கம் தட்டையானது என்பதால் தவறாகப் பொருத்துவது கடினம். பவர் மெஷின் ஊசியோ உருண்டைத் தண்டு, நீளப் பள்ளம் இடப்பக்கம் பார்க்காவிட்டால் தையல் விழாது.

நாளுக்கு ஓரிரு ரவிக்கை தைப்பவருக்குப் பழைய மெஷினே போதும் என்பது என் கருத்து. பள்ளிச் சீருடை போன்ற மொத்த வேலை நிலையாக வருமானால் பவர் மெஷின் வாங்கலாம். அப்போது, தைக்காத நேரத்திலும் சுழன்றுகொண்டே இருக்கும் கிளட்ச் மோட்டாரைத் தவிர்த்து, தைக்கும்போது மட்டும் சுழலும் சர்வோ மோட்டாரையே கேட்டு வாங்க வேண்டும்.