மூன்றாவது பிஹெச் புரோப்

நேற்று என் தொட்டியில் மூன்றாவது பிஹெச் புரோபை (தண்ணீரின் அமில-காரத் தன்மையை அளக்கிற சென்சாரை) மாட்டிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து நண்பனிடமிருந்து மெசேஜ்: "உன்னை மாதிரியே சென்சார் வச்சு ஹைட்ரோபோனிக்ஸ் போடப்போறேன்டா. எதெல்லாம் வாங்கணும்?"

மண்ணில்லாமல் சத்துக் கரைசலில் செடி வளர்க்கிற இந்த வேலைக்குத் தொட்டி, பைப், பம்பு, சென்சார்களைப் படித்து போனுக்கு அனுப்புகிற ஈஎஸ்பி32 போர்டு எல்லாம் எல்லோரும் போடுவதுதான். என்னுடையது 40 லிட்டர் தொட்டி. லெட்யூஸும் பேசிலும் வளர்கின்றன. ஒன்றரை வருஷமாகிறது. நீர்மட்டம் பார்க்கிற அல்ட்ராசோனிக் சென்சார் ஆவி படிந்தால் உளறும், துடைத்துவிட்டால் சரியாகிவிடும். என் புலம்பலெல்லாம் பிஹெச் புரோபின் அந்தக் கண்ணாடிக் குமிழைப் பற்றித்தான்.

போன வருஷம் ஒருநாள் காலையில் போனில் அலர்ட்: பிஹெச் 4.3. லெட்யூஸுக்கு 5.5 முதல் 6.5 வரை இருக்க வேண்டும். பல்கூடத் தேய்க்காமல் ஓடிப்போய், பிஹெச்சை ஏற்றுகிற 'பிஹெச் அப்' திரவத்தை ஊற்றினேன். எண் 5.8க்கு ஏறி நின்றது. நிம்மதி. பத்து நாளில் புது இலைகளெல்லாம் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தது. அப்போதுதான் சந்தேகம் வந்து, சொட்டு விட்டு நிறத்தை வைத்து பிஹெச் பார்க்கிற டெஸ்ட் கிட்டை எடுத்தேன். உண்மையில் தண்ணீர் 7.5! அந்த அளவில் கரைசலில் இரும்புச்சத்து போட்டிருந்தாலும் செடிக்குச் சரியாகக் கிடைக்காது. நல்லா இருந்த தண்ணீரை நானே கெடுத்திருக்கிறேன்.

காரணம், அலர்ட் வந்ததற்கு முந்தின நாள் புதிதாக இறக்கிய, கரைசலில் எவ்வளவு சத்து உப்பு இருக்கிறது என்று பார்க்கிற ஈசி சென்சார். அதைத் தண்ணீரிலிருந்து தூக்கியதும் பிஹெச் எண் ஒரே தாவாகத் தாவியது. மறுபடி இறக்கினால் விழுந்தது. ஈசி சென்சார் தண்ணீருக்குள் மின்சாரம் செலுத்தித்தான் அளக்கிறது. பிஹெச் புரோபுக்கோ ஒரு புள்ளி என்பதே 25 டிகிரியில் சுமார் 59 மில்லிவோல்ட்தான். இரண்டும் ஒரே போர்டில், ஒரே கிரவுண்டில் இருந்தால் அது எதைத்தான் நம்பும்? நடுவில், இரண்டின் மின் இணைப்பையும் பிரித்து வைக்கிற ஐசொலேட்டர் போர்டு ஒன்றைப் போட்ட பிறகு இந்தச் சண்டை ஓய்ந்தது. வாங்கும்போது இதை யாரும் சொல்லவில்லை.

நியாயமாகச் சொன்னால், முதல் புரோபைக் கொன்றது நான்தான். தொட்டியைக் கழுவிய வாரம் சுத்தமாக இருக்கட்டும் என்று காய்ச்சி வடித்த நீரில் போட்டு வைத்தேன். பொட்டாசியம் குளோரைடு கரைசலில்தான் வைக்க வேண்டுமாம். இரண்டாவதை ராஜா மாதிரி வைத்திருந்தேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிஹெச் 4, 7 என்று அளவு தெரிந்த பஃபர் கரைசல்களில் வைத்துச் சரிபார்க்கிற காலிபிரேஷன். அதுவும் ஒரு வருஷத்தில் கிழடாகிவிட்டது. இரண்டு பஃபருக்கும் நடுவே 177 மில்லிவோல்ட் அளவுக்கு வித்தியாசம் காட்ட வேண்டியது, கடைசியில் 130ஐத் தாண்டவில்லை. தினம் தண்ணீரில் கிடக்கிற எதுவும் இப்படித்தானே என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். ஆனால் பக்கத்திலேயே கிடக்கிற வெப்பநிலை சென்சாரை, அந்த டிஎஸ்18பி20ஐ, நான் மாட்டிய நாளிலிருந்து தொட்டதே இல்லை. இருப்பதிலேயே மலிவான சாமான் அதுதான். ஒரு மதியம் தண்ணீர் 31 டிகிரி என்று காட்டியது. மூடியைத் திறந்தால் வேர் நுனி பழுப்பேறி வழவழவென்றிருந்தது. தொட்டியை நிழலுக்கு நகர்த்தி, தண்ணீரில் காற்றுக் குமிழி விடுகிற ஏர் ஸ்டோன் போட்டதும் பிழைத்துக்கொண்டன. அந்த ஒரு தடவையே அது போட்ட காசை எடுத்துவிட்டது.

நண்பனுக்கு இப்படிப் பதில் போட்டேன்: "வெப்பநிலை சென்சார் கண்டிப்பா வாங்கு. பிஹெச் சென்சார் பக்கமே போகாதே. சொட்டு கிட்டுல வாரம் ரெண்டு தடவை பார், போதும்."

"அப்புறம் நீ எதுக்குடா மூணாவது வாங்கின?" என்று கேட்டிருக்கிறான்.

இன்னும் பதில் போடவில்லை. ராத்திரி விளக்கணைத்துப் படுத்த பிறகு போனை எடுத்துப் பார்த்தேன். 5.9. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை பார்த்தேன்.