தட்சிணசித்ரா: அரை நாளாவது ஒதுக்கிட்டு போங்க

சென்னை ஈசிஆர்ல எம்ஜிஎம் தீம் பார்க் போறவங்க பாதி பேருக்கு பக்கத்துலயே இப்படி ஒரு இடம் இருக்கறதே தெரியாது, தெரிஞ்சவங்களும் பட்டுப்புடவை கட்டி ஃபோட்டோ எடுக்கத்தான் வராங்க. தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா, ஆந்திரான்னு பக்கம் பக்கமா பிரிச்சு வெச்ச தென்னிந்திய வீடுங்களோட மியூசியம் இது, முட்டுக்காட்டுல 10 ஏக்கர்ல 18 வீடு. சினிமா செட்டுன்னு நெனச்சிடாதீங்க, இடிக்கப் போற பழைய வீடுங்களை வெலைக்கு வாங்கி தூண், கதவு, உத்தரம்னு ஒவ்வொண்ணா கழட்டி இங்க கொண்டாந்து திரும்ப எழுப்பியிருக்காங்க. டெபோரா தியாகராஜன் ஆரம்பிச்ச மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷனோட வேலை, 1996 டிசம்பர்ல தொறந்தாங்க.

கேரளா பக்கம் இருக்கற சிரியன் கிறிஸ்டியன் வீட்ட அவசரப்பட்டு பாக்காதீங்க. கோட்டயம் பக்கம் புதுப்பள்ளிலேர்ந்து வந்தது, 1850ல கட்டினது. ஏறினதும் எதிர்ல தெரியறது ஹால் இல்ல, நெல்லு கொட்டி வெக்கற அறை! பொண்ணு பாக்க வர்றவங்க மொதல்ல நெல்ல பாத்துட்டுத்தான் பொண்ண பாப்பாங்க போல. சுவரெல்லாம் மரம், ஃபேன் இல்லாமலே உள்ள சில்லுனு இருக்கு.

அப்புறம் செட்டிநாட்டு வீடு. எங்க அத்தைக்கு காரைக்குடி, அவங்க கூட வந்ததால தப்பிச்சேன், இல்லன்னா தூணை தொட்டுப் பாத்துட்டு வெளிய வந்திருப்பேன். திண்ணை வரைக்கும் யாரு வேணா வரலாம், யாவாரம் பேச வர்றவங்க முன்கட்டோட சரி, முற்றத்த சுத்தி இருக்கற ரூமெல்லாம் கல்யாணமான புள்ளைங்களுக்கு, பொம்பளைங்க புழக்கம் பின்கட்டுலன்னு நின்னு காட்டினாங்க. கல்யாணம் ஆனதும் "வேறு வெச்சிடுவாங்க"ன்னாங்க, அதாவது ஒரே கூரைதான் ஆனா ஒவ்வொரு ஜோடிக்கும் தனி அடுப்பு தனி சமையல். கூட்டுக்குடும்பம்னா ஒரே பானைல சோறுன்னு பேசறவங்க இதக் கேக்கணும். அதனால போர்டு மட்டும் படிச்சா பத்தாது, வீட்ல பெரியவங்க இருந்தா கையோட கூட்டிட்டு போங்க, அவங்களுக்கும் பேச ஆயிரம் இருக்கும்.

கர்நாடகா பக்கம் இல்கல்ங்கற ஊர் நெசவாளர் வீடு மொத்தமும் கல்லு, தறியும் உள்ளயே. வேலையும் குடித்தனமும் ஒரே எடத்துல. ஆந்திரா பக்கம் சட்டுனு முடிஞ்சுடுது. குழந்தைங்க பானை செய்யற எடத்த விட்டு நகர மாட்டாங்க, மாத்து டிரெஸ் ஒண்ணு வெச்சுக்கங்க.

கார் இல்லன்னா மாமல்லபுரம் போற ஈசிஆர் பஸ்ல ஏறி இறங்கிக்கலாம். வெயில் மண்டைய பொளக்கும், வீட்டுக்கு வீடு நடக்கணும், அதனால தொப்பியும் தண்ணியும் கட்டாயம். கூட்டம் பிடிக்காதுன்னா வார நாள் காலைல போங்க, செவ்வாய்க்கிழமை மட்டும் லீவு.