காட்டுக்குள் அளவு நாடாவா, செயற்கைக்கோள் படமா?

காட்டுச் சூழலியலில் முனைவர் பட்டத்துக்கு வருபவர்கள் முதலில் தேர்ந்தெடுக்க வேண்டியது இதைத்தான். முதுமலையில் 1988இல் தொடங்கிய 50 ஹெக்டேர் ஆய்வுத் திடலில், 1 செ.மீ. விட்டமுள்ள மரக்கன்றுக்குக்கூட எண் உண்டு. 1.3 மீட்டர் உயரத்தில் நாடா சுற்றி அளக்க வேண்டும். யானை முறித்ததா, தீயில் கருகியதா என்பது பக்கத்தில் போனால்தான் தெரியும். ஆனால் முடிவு சொல்லப் பல வருடம் ஆகும்.

சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோள்களின் படங்கள் இலவசம். ஒரு படப்புள்ளிக்குத் தரையில் 10 மீட்டர், ஐந்து நாளுக்கொரு முறை புதுப் படம். மேற்குத் தொடர்ச்சி மலை முழுவதையும் அறையிலிருந்தே அலசலாம். சரி, பருவமழையில்? பெரும்பாலும் மேகம்தான். மரக்கூரைக்கு அடியில் மண்டிய உண்ணிச்செடியும் சரியாகத் தெரியாது.

என்னைக் கேட்டால், முதலில் திடலுக்குப் போங்கள். படங்களை அலச நிரல் எழுத அப்புறம் கற்கலாம்.