எஃப்எல் ஸ்டுடியோ: எஃப்11 காட்டாத கணக்கு

கணினியில் இசையமைக்கும் மென்பொருளான எஃப்எல் ஸ்டுடியோவில் எஃப்11 அழுத்தினால் ஒரு சின்னப் பெட்டி திறக்கும். பாட்டின் பெயர், நாம் எழுதி வைத்த குறிப்பு, அதோடு இந்த ப்ராஜெக்ட்டை எந்தத் தேதியில் ஆரம்பித்தோம், இதுவரை எவ்வளவு நேரம் இதில் உட்கார்ந்திருக்கிறோம் என்ற கணக்கும் அதில் இருக்கும். நாலு வருடமாக இதில் வேலை செய்கிறேன், போன ஆடி மாதம்தான் அந்தக் கணக்கை ஒழுங்காகப் பார்த்தேன். நாலரை நிமிட அம்மன் பாட்டு ஒன்றுக்கு 41 மணி நேரம் என்று காட்டியது.

அந்தப் பாட்டின் மெட்டு முதல் நாள் ராத்திரியே வந்துவிட்டது, எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்படியானால் மீதி நேரமெல்லாம் எங்கே போனது? எஃப்11 மொத்தக் கூட்டலை மட்டும்தான் சொல்லும், எந்த ஜன்னலில் எவ்வளவு நேரம் என்று பிரித்துச் சொல்லாது. அதனால் அடுத்த மூன்று பாட்டுக்கும் கீபோர்டு பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொண்டேன். சத்தம் தேடுவது, வாசிப்பது, அடுக்குவது, மிக்ஸிங் (எல்லாச் சத்தத்தையும் அளவாகக் கலப்பது) என்று நாலு கட்டம் போட்டு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போதெல்லாம் மணியைக் குறித்தேன். பகலில் வேறு வேலை, ராத்திரி ஒன்பதரைக்கு மேல் இரண்டு மணி நேரம்தான் இசைக்கு. அந்த இரண்டு மணி நேரத்தை இந்த மென்பொருள் எப்படி நடத்துகிறது என்பதுதான் எனக்கு முக்கியம், இந்த விமர்சனமும் அதை வைத்துத்தான்.

முதலில் இது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. பெல்ஜியம் நாட்டு இமேஜ்-லைன் நிறுவனம் 1997-ல் ஃப்ரூட்டிலூப்ஸ் என்ற பெயரில் வெளியிட்டபோது இது தாளக் கட்டங்களைத் தட்டி நிரப்பும் ஒரு சின்ன டிரம் மெஷின்தான். 2003-ல்தான் எஃப்எல் ஸ்டுடியோ என்று பெயர் மாறியது. ஸ்வரங்களை வரையும் பியானோ ரோல், பாட்டை நீளமாக அடுக்கும் பிளேலிஸ்ட், சத்தங்களைக் கலக்கும் மிக்ஸர் எல்லாம் பிறகு வளர்ந்து சேர்ந்தவை. அந்தப் பிறப்பின் குணம் இன்னும் போகவில்லை. புதிய ப்ராஜெக்ட் திறந்தால் கருவிகளின் பட்டியலான சேனல் ரேக்கில் கிக், கிளாப், ஹைஹாட், ஸ்நேர் என்று நாலு வரிசை, ஒவ்வொன்றிலும் 16 கட்டம். நாலைந்து கட்டத்தைத் தட்டி ஸ்பேஸ்பார் அழுத்தினால் பத்து விநாடியில் தாளம் ஓடுகிறது. ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து ஒரு தாளத்துக்கு இவ்வளவு வேகமாக என்னைக் கொண்டுபோகும் மென்பொருள் வேறு எதையும் நான் பார்த்ததில்லை. மிஸ்ர சாபு வேண்டுமென்றால் பேட்டர்னின் (இப்படி நிரப்பும் ஒரு துண்டின்) நீளத்தை 7-க்கு வைத்துக்கொள்ளலாம். 2018-ல் வந்த 20-ஆம் பதிப்பிலிருந்து ஒவ்வொரு பேட்டர்னுக்கும் தனித்தனித் தாளக் கணக்கு கொடுக்க முடிகிறது என்பதால், கண்ட நடையில் ஒரு இடையிசை வைத்துவிட்டு மறுபடி ஆதிக்குத் திரும்புவதும் இப்போது சிரமமில்லை.

ஆனால் நோட்டைப் பார்த்தபோது இந்த வேகத்தின் இன்னொரு பக்கம் தெரிந்தது. முதல் பாட்டில் பாதிக்கு மேல் நேரம் திரும்பத் திரும்ப ஓடும் ஒரே எட்டு பார் (தாள அளவு) லூப்பைச் சுற்றியே போயிருந்தது. லூப் ஓடுகிறது, நன்றாக இருக்கிறது, அதன் மேல் ஒரு புல்லாங்குழல் போடலாம் என்று எஃப்எல்லின் சத்தப் பட்டியலான பிரவுசரைத் திறந்து பிரீசெட் பிரீசெட்டாக (தயாராக இருக்கும் சத்தங்களை ஒவ்வொன்றாக) நாற்பது நிமிடம் தேடுகிறேன், கிடைத்ததும் லூப் இன்னும் நன்றாக இருக்கிறது, அப்புறம் கிக் சத்தம் சின்னதாகத் தோன்றுகிறது, அதை மாற்றுகிறேன், மணி பதினொன்றரை. பாட்டு எட்டு பாரிலேயே நிற்கிறது. பேட்டர்ன் முறையில் ஓடும்வரை மென்பொருள் அதே எட்டு பாரைச் சலிக்காமல் திருப்பிக்கொண்டே இருக்கும், அடுத்து என்ன என்று கேட்காது. இசை செய்கிற நண்பர்களோடு பேசும்போதும் இதே கதைதான், ஒவ்வொருவர் கணினியிலும் ஐம்பது அறுபது லூப் கிடக்கிறது.

பியானோ ரோலில் போன நேரத்தைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. இந்த மென்பொருளின் மிகச் சிறந்த பகுதி அதுதான், இதற்காக மட்டுமே வாங்கலாம் என்று நினைக்கிறவன் நான். பேட்டர்னில் மற்ற கருவிகள் வாசிக்கும் ஸ்வரங்கள் பின்னால் மங்கலாகத் தெரிவதால், வயலின் எழுதும்போது பாஸ் எங்கே நிற்கிறது என்று ஜன்னல் மாற்றிப் பார்க்க வேண்டியதில்லை. ஸ்லைடு நோட் என்று ஒன்று இருக்கிறது. ஒரு ஸ்வரத்தின் மேல் இன்னொன்றை ஸ்லைடாக வரைந்தால் சத்தம் அறுபடாமல் அங்கே வழுக்கிப் போகும். தோடி காந்தாரத்தை அசைக்க நான் இதைத்தான் நம்பியிருக்கிறேன். வரைவதற்கு நேரம் பிடிக்கும், ஆனால் அது இசைக்குள் போகும் நேரம். ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள், ஸ்லைடு நோட் எஃப்எல்லின் சொந்தக் கருவிகளுக்கென்று செய்தது. வெளியிலிருந்து வாங்கிப் போட்ட பிளக்இன் (கூடுதல் கருவி) என்றால் சுருதியை வளைக்கும் பிட்ச் பெண்டைத் தனியாக வரைய வேண்டியிருக்கும், என் நோட்டில் அது இரண்டு மடங்கு நேரம் எடுத்தது.

நிறையப் பேர் தொடாத ஒரு வசதியையும் சொல்லியாக வேண்டும். ரெக்கார்டு போடாமல் சும்மா கீபோர்டில் வாசித்துக்கொண்டிருக்கிறோம், ஒரு நல்ல ஸ்வரக்கோர்வை விழுகிறது, மறுபடி வாசித்தால் வரவில்லை. எஃப்எல்லில் டூல்ஸ் மெனுவில் ஸ்கோர் லாகை பேட்டர்னில் கொட்டும் வழி இருக்கிறது. கடைசிச் சில நிமிடங்களில் வாசித்த ஸ்வரங்கள் அப்படியே பேட்டர்னில் வந்து உட்காரும். இது தெரிந்த பிறகு நான் ரெக்கார்டு பட்டனைத் தேடுவதையே பாதி விட்டுவிட்டேன். மூன்றாவது பாட்டின் பல்லவி முழுக்க இப்படி மீட்டதுதான்.

இனி பிளேலிஸ்ட். பாட்டு பாட்டாக ஆகும் இடம் இதுதான், என் நோட்டில் மிகக் குறைந்த நேரம் விழுந்ததும் இங்கேதான், அதுவும் கடைசி இரண்டு நாளில். ஒரு பேட்டர்னை எத்தனை இடத்தில் வேண்டுமானாலும் பெயிண்ட் அடிப்பதுபோல் வைக்கலாம், ஓரிடத்தில் திருத்தினால் எல்லா இடத்திலும் மாறும், ஓரிடம் மட்டும் மாற வேண்டுமென்றால் அதை யுனிக் ஆக்கிக்கொள்ளலாம். இது பெரிய நேர மிச்சம். குறும்பட இயக்குநர் ஒருவர் ராத்திரி பத்து மணிக்கு போன் பண்ணி, "அண்ணே, அந்த மழை சீனுக்கு இன்னும் நாலு செகண்டு இழுத்துக் கொடுங்க, காலைல எடிட்" என்று கேட்டபோது பத்தே நிமிடத்தில் முடித்து அனுப்பினேன். ஆனால் பிளேலிஸ்ட் ட்ராக் எதுவும் இயல்பாக ஒரு கருவிக்கென்று கட்டப்பட்டதில்லை, பேட்டர்ன், குரல் பதிவு, ஆட்டோமேஷன் (சத்த அளவு போன்றவற்றைத் தானாக மாற்றும் கோடு) எதை வேண்டுமானாலும் எந்த வரிசையிலும் போடலாம். சுதந்திரம்தான், இருந்தாலும் ஒரு ஒழுங்கு வைத்துக்கொள்ளாவிட்டால் மூன்று வாரம் கழித்துத் திறக்கும்போது எது எங்கே என்று தேடியே அரை மணி நேரம் போகும்.

எனக்கு உண்மையில் உறைத்தது வேறு ஒன்று. வாங்குவதற்கு முன் சோதனைப் பதிப்பில்தான் வேலை செய்தேன். அதற்கு நாள் கணக்குக் கிடையாது, எத்தனை மாதம் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம், பாட்டை எக்ஸ்போர்ட் செய்யலாம், ஆனால் சேமித்த ப்ராஜெக்ட்டை உரிமம் வாங்கிய பிறகுதான் மறுபடி திறக்க முடியும். அதனால் உட்கார்ந்தால் முடித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் மூன்று பாட்டு செய்தேன், மூன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில், காலையில் ஆரம்பித்து இருட்டுவதற்குள் முடித்தவை. மிக்ஸிங் சுமார்தான், ஆனால் மூன்றுக்கும் தொடக்கமும் முடிவும் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய பிறகு நாளைக்குத் திறந்துகொள்ளலாம் என்ற வசதி வந்தது, 41 மணி நேரமும் வந்தது.

அதனால் இப்போது வேலை செய்யும் வரிசையைத் திருப்பிப் போட்டிருக்கிறேன். லூப் ஒன்று ஓட ஆரம்பித்து அரை மணி நேரம் ஆனதும், அது எவ்வளவு இனித்தாலும், எஃப்5 அழுத்தி பிளேலிஸ்டுக்குப் போய்விடுகிறேன். காலியாக இருக்கும் அந்த நீளத்தில் ஆல்ட்+டி (T) கொடுத்து முன்னிசை, பல்லவி, முதல் இடையிசை, சரணம், மறுபடி பல்லவி என்று குறிகளை நட்டுவிடுகிறேன். நம் பாட்டுக்கு அந்த வடிவம் கைவசம் இருக்கிறது, அதை ஏன் கடைசி நாள் வரை தள்ளிப்போட வேண்டும்? பிறகு எல்லாக் குறிக்குக் கீழும் ஏதாவது ஒன்றை, வெறும் தம்புரா சுருதியாவது, வைத்துவிடுகிறேன். சத்தம் தேடும் வேலை அதற்குப் பிறகுதான், அதற்கும் பதினைந்து நிமிட அலாரம். மூன்றாவது பாட்டு இப்படித்தான் நடந்தது, மொத்தம் 17 மணி நேரம்.

மிக்ஸிங் பற்றி அதிகம் சொல்ல இல்லை. சேனலை மிக்ஸருக்கு இணைப்பது, பெயர் வைப்பது, நிறம் கொடுப்பது என்று பாட்டுக்கு அரை மணி நேரம் போய்க்கொண்டிருந்தது. மிருதங்கம், தவில், தம்புரா, குரல் எல்லாம் முன்பே இணைத்த ஒரு டெம்ப்ளேட் செய்து வைத்த பிறகு அந்த அரை மணி நேரம் இல்லை. கன்ட்ரோல்+என் கொடுத்தால் அடுத்த எண்ணோடு புதிய பிரதியாகச் சேமிக்கும், அதனால் பயமில்லாமல் வெட்டலாம், வேண்டாம் என்று தோன்றினால் பழையதுக்குப் போகலாம். கம்போஸ் செய்யும் ராத்திரியில் ஈக்வலைசரைத் தொடுவதில்லை என்று மட்டும் முடிவு செய்திருக்கிறேன்.

ஏபிள்டன் லைவ் என்ற வேறொரு இசை மென்பொருளைப் பயன்படுத்தும் நண்பர் ஒருவர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, தங்களுக்கு டேப் பட்டன் ஒன்றே போதும் என்றார். அங்கே செஷன், அரேஞ்ச்மென்ட் என்று இரண்டு காட்சிதான், டேப் அழுத்தினால் ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாறும். லூப்களை ஒவ்வொன்றாக ஓட்டி வாசிப்பதை ரெக்கார்டு செய்தால் அதுவே நீளமான பாட்டாக அரேஞ்ச்மென்டில் விழும். லூப்பிலிருந்து பாட்டுக்குப் போகும் பாலத்தை அவர்கள் நன்றாகக் கட்டியிருக்கிறார்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஸ்வரம் ஸ்வரமாக எழுதி இழைக்கும் என்னைப் போன்றவனுக்கு எஃப்எல் பியானோ ரோலை விட்டு அங்கே போக மனசு வரவில்லை.

வாங்குகிறவர்களுக்கு ஒரு விஷயம். அடிமட்டப் பதிப்பான ஃப்ரூட்டியில் முன்பு குரலைப் பதிவு செய்து பிளேலிஸ்டில் வைக்க முடியாமல் இருந்தது. பாடகர் வரும் பாட்டு செய்வதாக இருந்தால் எந்தப் பதிப்பில் அந்த வசதி இருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள், இந்த வித்தியாசம் தெரியாமல் வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை கொடுக்கும் காசு, அதற்குப் பிறகு வரும் பதிப்புகள் எல்லாம் ஆயுள் முழுக்க இலவசம், விண்டோஸ், மேக் இரண்டிலும் அதே உரிமம் செல்லும். மாதச் சந்தா கட்ட முடியாத என் போன்றவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

இப்போது கையில் இருப்பது ஒரு தாலாட்டு. எஃப்11 ஒன்பது மணி நேரம் காட்டுகிறது, குறிகள் எல்லாம் நட்டாயிற்று, இரண்டாவது சரணத்துக்கு முந்தைய இடையிசை மட்டும் பாக்கி.