ஒரு ரெசிஸ்டர் மிச்சம் பிடிக்கப் போய்

நாலு போர்ட் யூஎஸ்பி 2.0 ஹப் ஒன்றின் சர்க்யூட்டை நானே வரைந்து, போர்டு அடிக்கக் கொடுக்கும் முன் சரிபார்க்க ஒரு ஆன்லைன் சேவைக்கு அனுப்பினேன். டைப்-சி சாக்கெட்டின் இரண்டு சிசி பின்களையும் (எதிரே என்ன செருகியிருக்கிறது என்று சார்ஜர் கண்டுகொள்ளும் முனைகள்) சேர்த்து ஒரே 5.1 கிலோ-ஓம் ரெசிஸ்டரில் கட்டியிருந்தேன். அதில் சிவப்பு வட்டம் போட்டு, "தனித்தனியா போடுங்க சார், 2019-இல் ராஸ்பெர்ரி பை 4 கம்ப்யூட்டர் போர்டு சறுக்கினது இங்கேதான்" என்று எழுதியிருந்தார்கள். சேர்த்துக் கட்டினால் சாதாரண கேபிளில் ஓடிவிடும். தன் திறனைச் சொல்லும் இ-மார்க்கர் சிப் உள்ள கேபிளைச் செருகினால் சார்ஜர் மின்சாரமே தராது. வெளிப்போர்ட்டுகளின் 5 வோல்ட் தடத்தில் ஹப்புக்குக் குறைந்தது 120 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வேண்டிய இடத்தில் நான் 10 போட்டிருந்ததையும் பிடித்துவிட்டார்கள். கொடுத்த காசு வீண் போகவில்லை. ஆனால் இரண்டு நாள் என்று சொல்லி ஆறு நாள் இழுத்தார்கள். சிப்புக்குக் கடிகாரத் துடிப்பு தரும் கிரிஸ்டலோடு போடும் கெப்பாசிட்டரின் கணக்கைக் கேட்டேன், அப்புறம் சொல்கிறோம் என்றார்கள். இன்னும் சொல்லவில்லை.