மொரீஷியஸின் கோடைக்கால முன்கணிப்பு அறிக்கை: ஒன்பது ஆண்டுகளாகப் படித்துவருபவரின் மதிப்பீடு

தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்குக் கோடை என்றால் கத்திரி வெயிலும் வற்றிய கிணறும்தான் நினைவுக்கு வரும். மொரீஷியஸில் கோடை நவம்பரில் தொடங்கி ஏப்ரல் வரை நீளும். வெக்கை, பெருமழை, புயல் மூன்றும் அந்த ஆறு மாதங்களுக்குள்தான் வந்துபோகும். ஒவ்வோர் ஆண்டும் இந்தப் பருவம் தொடங்குவதையொட்டி, வாக்குவா நகரிலுள்ள மொரீஷியஸ் வானிலைத் துறை கோடைக்கால முன்கணிப்பு அறிக்கை ஒன்றை வெளியிடுகிறது. காத்ர் போர்ன் நகரில் குடியேறிய ஒன்பது ஆண்டுகளில் அதை ஒருமுறைகூடத் தவறவிடாமல் படித்திருக்கிறேன். இத்தீவுக்கு வேலைக்கோ படிப்புக்கோ புதிதாக வரும் தமிழர்களுக்கு உதவும் என்பதால் அதன் நிறைகுறைகளை இங்கே எழுதுகிறேன்.

சில பக்கங்களே கொண்ட, துறையின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும் அறிக்கை இது. பசிபிக் பெருங்கடலின் நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோவா, குளிரும் லா நினாவா, இந்தியப் பெருங்கடலின் மேற்கும் கிழக்கும் எந்த அளவுக்குச் சூடேறியிருக்கின்றன என்பதையெல்லாம் முதலில் விளக்கிவிட்டு, மழை இயல்பைவிடக் கூடுமா குறையுமா, எப்போது தொடங்கக்கூடும், வெப்பம் எந்த அளவுக்கு ஏறும், எத்தனை புயல்கள் உருவாகலாம் என்பனவற்றைச் சொல்கிறது. கொமொரோஸ், மடகாஸ்கர், சேஷெல்ஸ், ரெயூனியோன் ஆகிய அண்டைத் தீவுகளின் வல்லுநர்களும் கூடிப் பேசும் தென்மேற்கு இந்தியப் பெருங்கடல் பருவநிலை மன்றம் என்ற அமைப்பும் இந்தப் பகுதிக்கென முன்கணிப்பைத் தயாரிப்பதால், தனியொரு தீவின் ஊகம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. ஜனவரி 20-ஆம் தேதி மழை பெய்யுமா என்று தேடுபவருக்கு இதில் விடை கிடைக்காது. பருவத்தின் போக்கை மட்டுமே இது சொல்கிறது. அந்த எல்லையை மீறி எதையும் வாக்களிக்காததே இதன் மீது எனக்கு முதலில் மதிப்பை ஏற்படுத்தியது.

அறிக்கையைப் படிக்கும் முன் ஓரிரு எண்களை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. 1971 முதல் 2000 வரையிலான சராசரிப்படி தீவின் ஆண்டு மழை 2010 மில்லிமீட்டர். அதில் 1344 மில்லிமீட்டர், அதாவது மூன்றில் இரண்டு பங்கு, கோடையில் பெய்கிறது. ஆண்டிலேயே மிகவும் வறண்ட மாதம் அக்டோபர் என்பதால், அறிக்கை வரும் நேரத்தில் நீர்த்தேக்கங்கள் இறங்குமுகமாகவே இருக்கும். ஆகவே மொத்த மழை எவ்வளவு என்ற வரியைவிட, கோடை மழை எப்போது நிலைகொள்ளும் என்ற வரியைத்தான் நான் முதலில் தேடுவேன். மழை டிசம்பர் பிற்பகுதிக்கோ ஜனவரிக்கோ தள்ளிப்போகும் என்றால், தீவின் மிகப்பெரிய நீர்த்தேக்கமான மார் ஓ வாக்குவாவின் மட்டம் அதுவரை சரிந்துகொண்டே போகும். குழாயில் தண்ணீர் வரும் நேரமும் அதற்கேற்பக் குறையும். ஓர் ஆண்டு அந்த வரியைப் படித்த வாரமே மொட்டை மாடியில் இரண்டாவது தொட்டி ஒன்றை வைத்தோம். டிசம்பரில் எங்கள் தெருவில் பலரும் விடியற்காலையில் எழுந்து வாளிகளில் பிடித்து வைத்துக்கொண்டிருந்தபோது, எங்கள் வீட்டில் அந்தத் தொட்டித் தண்ணீரைக்கொண்டு நிம்மதியாகத் துணி துவைக்க முடிந்தது. எனக்கு இந்த அறிக்கையால் கிடைத்த மிகப்பெரிய பயன் அதுவே.

அறிக்கையின் முதன்மையான குறை, தீவு முழுவதற்கும் சேர்த்த சராசரியை முன்னிறுத்திப் பேசுவது. மேற்குக் கடற்கரையில் ஆண்டுக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. நடுப்பகுதியின் மேட்டுநிலத்திலோ சுமார் 4000 மில்லிமீட்டர். மேட்டுநிலத்து க்யூர்பிப்பில் குடையோடு பேருந்து ஏறியவர், மேற்குக் கரையிலுள்ள ஃபிளிக் அன் ஃப்ளாக்கில் இறங்கும்போது கருப்புக் கண்ணாடியைத் தேடுவது இங்கே அன்றாடக் காட்சி. இயல்பையொட்டிய மழை என்ற ஒரு சொற்றொடரை இவ்விரண்டு ஊர்க்காரர்களும் எப்படித் தத்தம் ஊருக்குப் பொருத்திப் பார்ப்பார்கள்? மேற்கு, கிழக்கு, மேட்டுநிலம் என்று பிரித்து ஓர் எளிய அட்டவணையை முதல் பக்கத்திலேயே கொடுத்தால் சாதாரண மக்களுக்கு இது இன்னும் பன்மடங்கு பயன்படும்.

பருவ அறிக்கை சொல்லாததை அலைபேசிச் செயலிகள் சொல்லிவிடும் என்றும் நம்ப வேண்டாம். ஒரு செயலி மூன்று நாட்களுக்குத் தெளிந்த வானம் என்று காட்டியதை நம்பி, டிசம்பரில் மொட்டை மாடிக்கு நீர்க்காப்புப் பூச்சு அடிக்க ஆட்களை வரச்சொன்னேன். காலை முழுவதும் சுள்ளென்ற வெயில். இரண்டு மணிக்குமேல் மலைக்குப் பின்னாலிருந்து கறுத்துத் திரண்டு வந்த மேகம், பூச்சு காய்வதற்குள் கொட்டித் தீர்த்து, வெள்ளை நீராகத் தெருவில் ஓடவிட்டது. கோடையில் மேற்குக் கரையிலிருந்து ஏறிவரும் கடற்காற்றும் தென்கிழக்கு வணிகக் காற்றும் எதிர்கொள்ளும் இடத்தில் பிற்பகல் இடிமழை இப்படித் திடீரென்று எழும். இந்தப் போக்கைப் பற்றி அந்த ஆண்டு அறிக்கையே எச்சரித்திருந்தது. நான்தான் அதை விட்டுவிட்டுத் திரையில் தெரிந்த சூரியனை நம்பினேன்.

புயல்களின் எண்ணிக்கையைத்தான் பெரும்பாலோர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அறிக்கை கூறும் எண்ணிக்கை தென்மேற்கு இந்தியப் பெருங்கடல் முழுவதிலும் உருவாகிப் பெயர் பெறக்கூடிய புயல்களுக்கானது. தீவைத் தாக்கப்போகும் புயல்களுக்கானது அன்று. இதை எனக்குப் புரியவைத்தவர் பக்கத்து வீட்டு மூதாட்டி. தெருவே அவரைத் தாந்தின், அதாவது அத்தை, என்றுதான் அழைக்கும். 1960 ஜனவரியில் அலிக்ஸ் புயலும், ஆறு வாரம் கழித்து மணிக்கு 256 கிலோமீட்டர் வேகக் காற்றுடன் கேரோல் புயலும் வந்தபோது அவருக்கு எட்டு வயது. கூரைத் தகடு பறந்துபோன பிறகு, அம்மா அவரையும் தம்பியையும் மேசைக்கு அடியில் தள்ளிக் கோணியால் மூடியதைக் இங்குள்ளவர்களின் பேச்சுமொழியான கிரியோலில் சொல்லிக்கொண்டே வந்தவர், வரப்போவது பத்து புயல் என்றாலும் ஐந்து என்றாலும் தம் வீட்டு ஜன்னல் பலகைகளுக்கு அந்தக் கணக்கு தெரியாது என்றார். 1994 பிப்ரவரியில் ஹொலண்டா, 2002 ஜனவரியில் டினா என்று அவர் விரல்விட்டு எண்ணும் ஒவ்வொன்றும் தனித்தனியே வந்து போதுமான சேதத்தை விளைவித்தவை. 2023 பிப்ரவரியில் தீவின் வடக்கே உரசிக்கொண்டு போன ஃப்ரெடி இந்தப் பகுதியில் பிறந்ததே இல்லை. ஆஸ்திரேலியப் பக்கம் தோன்றி, அங்கேயே பெயர் பெற்று, கடலைக் கடந்து வந்தது. அக்டோபரில் எழுதப்படும் எந்த எண்ணிக்கையும் அப்படிப்பட்ட ஒன்றைத் தனியாகச் சுட்டிக்காட்ட இயலாது.

பருவ அறிக்கையோடு சேர்த்துப் புயல் எச்சரிக்கை வகுப்புகளையும் தெரிந்துகொண்டால்தான் சேவை முழுமையாகப் பயன்படும். மணிக்கு 120 கிலோமீட்டர் வேகக் காற்று எட்டக்கூடும் என்று கருதும்போது, 36 முதல் 48 மணி நேரத்துக்கு முன்பே முதல் வகுப்பு அறிவிக்கப்படும். அந்தக் காற்றுக்கு முன் 12 மணி நேரப் பகல் வெளிச்சம் கிடைக்கும்படி இரண்டாம் வகுப்பும், 6 மணி நேரம் கிடைக்கும்படி மூன்றாம் வகுப்பும் வரும். காற்று உண்மையாகவே அந்த வேகத்தைத் தொட்டுத் தொடரும்போது நான்காம் வகுப்பு. பகல் வெளிச்சத்தைக் கணக்கில் வைத்த அந்த நுட்பம் போற்றத்தக்கது, ஏனெனில் பலகை அடிக்கவும் கூரையைக் கட்டவும் வெளிச்சம் வேண்டும். ஆயினும் இந்த வகுப்புகள் அனைத்துக்கும் அளவுகோல் காற்று மட்டுமே. அண்மைக் காலத்தில் தலைநகர் போர்ட் லூயிஸில் உயிரைப் பறித்ததோ தண்ணீர். 2013 மார்ச் 30 அன்று ஒரு மணி நேரத்துக்குள் 152 மில்லிமீட்டர் மழை கொட்டி 11 பேரைப் பலிகொண்டபோது புயல் ஏதும் இல்லை. 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயலின்போது வேலைக்குப் போன மக்கள் தலைநகரின் வெள்ளத்தில் சிக்கினர், கார்கள் மிதந்தன. அதையடுத்து எழுந்த கண்டனத்தில் துறையின் தலைவர் பதவி விலகினார். ஆகவே பருவ அறிக்கையில் குறுகிய நேரப் பெருமழை பற்றிய பத்தியைப் புயல் எண்ணிக்கையைவிட ஒரு படி மேலே வைத்துப் படியுங்கள். துறையும் அதை மேலே வைத்து அச்சிட வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

தைப்பூசக் காவடி இந்த நாட்டில் அரசு விடுமுறை. அது எப்போதும் கோடையின் நடுவில்தான் வரும். காத்ர் போர்னில் கோர் த கார்ட் மலைமேல் உள்ள முருகன் கோவிலுக்கு வெறுங்காலோடு ஏறுபவர்கள், இயல்பைவிட வெப்பம் கூடும் என்று அறிக்கை சொல்லும் ஆண்டில் விரதத்தின்போது நீராகாரத்தைக் கூட்டிக்கொள்வதும், அதிகாலையிலேயே புறப்படுவதும் நல்லது. சுற்றுலாவுக்கு மட்டும் வருபவருக்கு இந்த அறிக்கையால் பெரிய பயன் இல்லை. பயணத்துக்கு முந்தைய வாரத்தின் அன்றாட அறிவிப்புகளே அவருக்குப் போதும். வீடு, தோட்டம், சிறு கடை என்று ஏதேனும் ஒன்றை இங்கே வைத்திருப்பவர் ஒவ்வொருவரும் நவம்பருக்குள் ஒருமுறை முழுவதும் படித்துவிட வேண்டும். என் மதிப்பீட்டில் ஐந்துக்கு நான்கு. ஒன்றைக் குறைத்தது மண்டலவாரி அட்டவணை இல்லாததற்காக.

இந்த ஆண்டு அறிக்கை வந்ததும் இரண்டு பிரதி எடுத்து ஒன்றைத் தாந்தினிடம் கொடுத்தேன். அவர் அதை மடித்து, மெழுகுவத்தியும் தீப்பெட்டியும் இருக்கும் தகரப் பெட்டியில் வைத்துவிட்டு, புயல் பாதை குறிக்கும் பழைய வரைபடத்தை வெளியே எடுத்தார். வானொலியில் அட்சரேகையும் தீர்க்கரேகையும் சொல்லச்சொல்ல அதில் புள்ளி வைப்பதற்காக, அன்றே பென்சிலையும் சீவி வைத்துக்கொண்டார்.